புல்லு தூங்குது... எழுப்பாதீங்க!

‘வெயில் காலத்துல கோல்ஃப் மைதானத்தை எப்படிக் காப்பாத்துறாங்க? ஒரு கட்டுரை எழுதிட்டு வா’ன்னு ஆசிரியர் குழுவில் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். நம்ம ஊர் பூதப்பாண்டி. ஜீவா பிறந்த ஊர், பூதலிங்கசுவாமி கோயில் இருக்கிற ஊர், தோவாளை தாலுகாவுக்குத் தலைநகர். பின்னாடி தாடகை மலை, முன்னாடி பழையாறு, நடுவில் வயலும் தென்னையும். இங்கே ‘கோல்ஃப்’ என்று சொன்னால், ‘அது எந்த ஹோட்டல்ல கிடைக்கும்?’ என்று கேட்கிற அளவுக்குத்தான் பழக்கம்.

எனக்குத் தெரிந்து பக்கத்தில் இருக்கிற கோல்ஃப் மைதானம் திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கிற ஒன்பது குழி மைதானம்தான். இந்தியாவின் பழைய மைதானங்களில் அதுவும் ஒன்று. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாஞ்சில் நாடும் கவடியாரும் ஒரே ஆட்சிக் கணக்கில் இருந்த இடங்கள். அதனால் ‘நம்ம பழைய ராஜா ஊர் மைதானம்’ என்று ஒரு சொந்தம் கொண்டாடிக்கொள்ளலாம். மற்றபடி ஊட்டி, கொடைக்கானல், கோவை, சென்னை என்று தேடிப் போகவேண்டும்.

சரி, எழுதத்தானே வேண்டும்? நெட்டில் நாலு படம் இறக்கி, பிரின்ட் போட்டு, திண்ணையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டா வந்து எட்டிப் பார்த்தார். எண்பது வயது. அதில் அறுபது வருஷம் வயலில் நின்றவர்.

“இதென்ன மக்கா, பச்சைப் பாய விரிச்ச மாதிரி கெடக்கு?”

“இதுதான் பாட்டா கோல்ஃப் மைதானம். பெர்முடா கிராஸ்னு ஒரு ஃபாரின் புல்லு. சினோடான் டாக்டிலான்னு சயின்ஸ் பேரு.”

பாட்டா கண்ணாடியை ஏற்றிவிட்டு, பெரிதாக எடுத்த படத்தை உற்றுப் பார்த்தார். கொடி போகிற விதம், கணுவில் வேர் விட்டிருக்கிற விதம் எல்லாம் பார்த்துவிட்டுப் படத்தைக் கீழே வைத்தார்.

“ஃபாரினாம் ஃபாரின்! இது அறுகம்புல்லாக்கும்லே!”

சத்தியமாக அதுதான். பிள்ளையாருக்கு மாலை போடுகிறோமே, வரப்பில் கொத்திக் கொத்தி எறிந்தாலும் மறுபடி முளைத்து நிற்கிறதே, அதே அறுகம்புல். உலகம் முழுக்க வெயில் தேசத்து கோல்ஃப் மைதானங்களில் ராஜா மாதிரி இருப்பது இதன் சாதிதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்கிற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, சாதாரண அறுகம்புல்லை ஆப்பிரிக்காவின் ஒரு மெல்லிய அறுகோடு சேர்த்து ஒட்டுரகங்களை உருவாக்கினார். 1956-ல் டிஃப்கிரீன், 1960-ல் டிஃப்வே, 1965-ல் டிஃப்ட்வார்ஃப் என்று வரிசையாக வந்தன. ஊர்ப் பெயரையே புல்லுக்கு வைத்துவிட்டார்கள். நாம் களை என்று பிடுங்கி எறிவதை அங்கே ஸ்கொயர் அடி கணக்கில் விற்கிறார்கள், பாஸ்!

அந்த நிமிஷத்திலிருந்து இந்தக் கட்டுரை எனக்கு ஃபாரின் விஷயமாக இல்லை.

எல்லா இடமும் ஒண்ணு இல்லை!

முதலில் மைதானத்தைப் புரிந்துகொள்வோம். முழு மைதானம் என்றால் 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் நாலு பகுதி உண்டு. பந்தை முதலில் அடிக்கிற மேடை ‘டீ’. நடுவில் நீளமாக ஓடுகிற புல்வெளி ‘ஃபேர்வே’. ஓரத்துக் காடுமேடு ‘ரஃப்’. கடைசியில், நாலேகால் அங்குலக் குழி இருக்கிற வழுவழு வட்டம் ‘கிரீன்’.

இதில் உயிர் நாடி கிரீன்தான். அங்கே புல்லை 3, 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுவார்கள். ரெண்டு ஒரு ரூபாய் நாணயத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவு உயரம், அவ்வளவுதான்! பந்து கேரம் போர்டில் காய் போகிற மாதிரி உருளவேண்டும் இல்லையா?

பிரச்னை இங்கேதான் ஆரம்பம். புல்லின் மேல் பகுதியை எவ்வளவு ஒட்ட வெட்டுகிறோமோ, அடியில் வேரும் அவ்வளவு குறுகும். இலைதானே சமையல்கட்டு? சமையல்கட்டைப் பாதியாக இடித்துவிட்டால் வேர் எதைச் சாப்பிட்டு வளரும்? வெயில் காலத்தில் குட்டை வேர் என்றால், மேல் மண் காய்ந்த அன்றைக்கே புல் தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதனால் கோடை வந்ததும் மைதானக்காரர்கள் செய்கிற முதல் வேலை, வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றுவது. அரை மில்லிமீட்டர் ஏற்றினால்கூட புல்லுக்கு அது பெரிய ஆறுதல். மெஷின் பிளேடையும் கூராகத் தீட்டி வைப்பார்கள். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி வழியாகத் தண்ணீர் போகும், நுனி வெளுத்துப் போகும்.

உரமும் அப்படித்தான். ‘வாடுதே, கொஞ்சம் யூரியா போடுவோம்’ என்று நமக்குத் தோன்றும். கோடையில் அது தப்பு. தழைச்சத்து கொடுத்தால் புல் தளதளவென்று வளரும், இன்னும் அதிகத் தண்ணீர் கேட்கும். அதைக் குறைத்து, சாம்பல் சத்தைப் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம்.

வாளி எக்ஸாம்!

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ‘தினமும் கொஞ்சம் கொஞ்சமா விடாதே, இடைவெளி விட்டு ஆழமா விடு’ என்பதுதான் புல்தரை பற்றிய புத்தகங்கள் எல்லாம் சொல்கிற பால பாடம். படித்ததை அப்படியே நம்பினால் நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டா? சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

நம்ம பக்கம் பேச்சிப்பாறை அணையைப் பாசனத்துக்கு ஜூன் 1-ல் திறந்து பிப்ரவரி 28-ல் அடைப்பது வழக்கம். கோதையாறு பாசனத்தில் 79,000 ஏக்கர் இந்தக் கணக்கில்தான் விளைகிறது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் கால்வாய் காய்ந்து கிடக்கும். அணை அடைத்த வாரம் ரெண்டு பழைய பெயின்ட் வாளி எடுத்தேன். அடியில் ஓட்டை போட்டு, வயல் மண் நிரப்பி, வரப்பிலிருந்து பிடுங்கிய அறுகங்கொடியை ரெண்டிலும் நட்டேன். இரண்டும் வேர் பிடித்த பிறகு சோதனை ஆரம்பம். ஒரு வாளிக்குத் தினமும் ஒரு கப் தண்ணீர். இன்னொன்றுக்கு நாலு நாள் பட்டினி, ஐந்தாம் நாள் ஐந்து கப். மொத்தக் கணக்கு ரெண்டுக்கும் ஒன்றுதான்.

“புல்லுக்கு மருந்து குடுக்க மாதிரி அளந்து ஊத்துகான் பாரு”ன்னு அம்மா ஒரு மாதம் சிரித்தாள்.

ஏப்ரல் நடுவில் ரெண்டு வாளிக்கும் தண்ணீரை நிறுத்தினேன். தினமும் குடித்துப் பழகிய செல்லப்பிள்ளை மூன்றாம் நாளே சுருண்டுவிட்டது. பட்டினி கிடந்து பழகியது ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. அந்த இரண்டாவது வாளியை உடைத்துப் பார்த்தேன். வேர் அடித்தட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. முதல் வாளியின் ஓரத்தில் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். வேர் எல்லாம் மேல் மண்ணிலேயே பின்னிக்கொண்டு கிடந்தது. கீழே போகவேண்டிய அவசியம் அதற்கு வரவே இல்லையே!

நம்மில் பலபேர் அப்படித்தானே? செமஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் மேலோட்டமாகவே ஓடுகிறோம்... சரி, விடுங்கள்!

காய்ந்து போன முதல் வாளியைத் தூக்கி எறியப் போனேன். “அத தூரப் போடாத மக்கா. அங்ஙன மூலைல வை”ன்னு பாட்டா தடுத்தார். எதற்கு என்று சொல்லவில்லை. வைத்தேன்.

கால் தடம் சொல்லும் சேதி

எப்போது தண்ணீர் விடவேண்டும் என்று மைதானக்காரர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? மண் ஈரம் பார்க்கிற மீட்டர் உண்டு. ரெண்டு கம்பியை மண்ணில் குத்தினால் எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டும். ஆனால் காசில்லாத வழி ஒன்றும் உண்டு. புல் மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதிபட்ட புல் உடனே நிமிர்ந்தால் ஈரம் போதும். உங்கள் கால் தடம் அப்படியே பதிந்து கிடந்தால் புல்லுக்குத் தாகம். நிறமும் பச்சையிலிருந்து ஒரு மங்கின நீலச் சாம்பல் நிறத்துக்குப் போகும். அதைப் பார்த்த இடத்துக்கு மட்டும் ஹோஸ் பிடித்துக் கையால் தண்ணீர் காட்டுவார்கள். முழு மைதானத்துக்கும் ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட மாட்டார்கள்.

நேரமும் முக்கியம். விடியற்காலைதான் நல்ல நேரம். மத்தியானம் விட்டால் வெயில் பங்கு கேட்கும், காற்று பங்கு கேட்கும். சாயங்காலம் விட்டால் இரவெல்லாம் இலை நனைந்தே இருந்து பூஞ்சணம் பிடிக்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கிரீன் என்பது வெறும் மண் இல்லை. 1960-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒரு டிசைன் வெளியிட்டது. சுமார் 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை. ‘மணலும் ஜல்லியும் என்றால் தண்ணி சர்ருன்னு இறங்கிடுமே’ என்று நினைப்போம். இல்லை! பொடி மணலின் சின்னச் சின்ன இடுக்குகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஜல்லியின் பெரிய இடைவெளிக்கு அதைச் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. மணல் நிறைந்து வழிகிற அளவுக்கு வந்தால்தான் கீழே இறங்கும். ஆக, கொட்டும் மழைக்கு வடிகால், கொளுத்தும் வெயிலுக்குச் சேமிப்பு, ரெண்டும் ஒரே அடுக்கில்! ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் தூங்கினவர்கள் கவனிக்கவும்.

அந்த மணலிலும் ஒரு வில்லன் இருக்கிறான். மக்கிய வேர், இலையிலிருந்து வருகிற மெழுகு மாதிரியான பொருள் மணல் துகள்கள் மேல் படிந்துவிடும். அதன் பிறகு தண்ணீர் விட்டால் சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடும். சுற்றிலும் ஈரம், நடுவில் ஒரு இடம் மட்டும் எலும்பாகக் காய்ந்திருக்கும். அங்கே எத்தனை லாரி கொட்டினாலும் வீண். முள்கரண்டி மாதிரி கருவியால் குத்தி ஓட்டை போட்டு, சோப்பு மாதிரி வேலை செய்கிற ஒரு திரவத்தைக் கலந்து விட்டால்தான் தண்ணீர் உள்ளே போகும்.

கால்குலேட்டரை எடுங்க!

இப்போது கசப்பான பகுதி. ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். நல்ல கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கிரீன் 500 சதுர மீட்டர் என்றால், 18 கிரீனுக்கு 9,000 சதுர மீட்டர். தினமும் 45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாலு லோடு.

ஃபேர்வே 12 ஹெக்டேர் என்று வைத்தால், தினமும் 6 லட்சம் லிட்டர். ஐம்பது லோடு!

கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அந்தக் கணக்குப்படி ஃபேர்வே குடிப்பது கிட்டத்தட்ட 10,900 பேருடைய பங்கு. கிரீன் மட்டும் என்றால் 820 பேர் பங்கு.

நான் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, பேனாவை வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? போன வருஷம் நாங்கள் செய்த ஒரு காரியம் ஞாபகம் வந்தது.

எங்கள் கேங் ஒவ்வொரு மே மாதமும் கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்தும். போன வருஷம் கிரவுண்ட் புழுதியாகக் கிடக்கிறதே என்று நண்பன் வீட்டு போரிலிருந்து ஹோஸ் இழுத்தோம். பத்து நாள், மத்தியான வேளையில், மணிக்கணக்காக. ஸ்டம்பு பக்கம் மட்டும் இல்லை, பவுண்டரி வரைக்கும் நனைத்தோம். டோர்னமென்ட் முடிகிற நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தையின் கிணறு வற்றிவிட்டது. ரெண்டு வாரம் அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக் குழாய்க்கு நடந்தார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. பைனல் அன்றைக்கு, “கப்பு யாருக்கு மக்களே?”ன்னு மட்டும் கேட்டார். கப்பு எங்களுக்குத்தான். ஆனால் அத்தை இடுப்பில் குடம் இருந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் ‘பணக்காரன் விளையாட்டு, தண்ணியை வீணாக்குறான்’ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவ எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் கையில் ஹோஸ் கிடைத்தபோது நாங்களும் பவுண்டரி வரைக்கும் நனைத்தவர்கள்தானே!

கோர்ட் வரைக்கும் போன புல்

இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. 2016 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் லாத்தூருக்கு ரயிலில் குடிதண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதே மாநிலத்தில் ஐ.பி.எல். ஆடுகளங்களுக்கும் தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது. விஷயம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குடிநீர் வேண்டாம், ரேஸ் கிளப்பின் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று கிரிக்கெட் வாரியம் சொல்லிப் பார்த்தது. ஆனாலும் மே மாத ஆட்டங்களை வெளிமாநிலத்துக்கு மாற்றச் சொல்லி ஏப்ரல் 13-ல் உத்தரவு வந்தது.

2022 கோடையில் பிரான்சில் வறட்சி. தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை, கார் கழுவத் தடை. ஆனால் கோல்ஃப் கிரீனுக்கு மட்டும் விலக்கு! கோபப்பட்ட சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் துலூஸ் நகரப் பக்கத்து மைதானங்களில் குழிகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள்.

நம்ம சென்னையை மறக்க முடியுமா? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்டக் காலி. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. மேலே போட்ட கணக்கை ஞாபகம் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு முழு ரயில் தண்ணீர், ஒரு மைதானத்தின் ஃபேர்வேக்கு நாலே நாளில் தீர்ந்துவிடும்.

அதே 2019-ல் சென்னையில் இன்னொரு காரியமும் நடந்தது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிற நிலையங்கள் வந்தன. புல்லுக்கு இவ்வளவு சுத்தம்கூடத் தேவையில்லை. மனுஷன் ஒருதரம் பயன்படுத்தின தண்ணீரே போதும். கழிவுநீரில் உப்பு கொஞ்சம் அதிகம், அது மண்ணில் தங்கும். மழைக்காலத்தில் நன்றாகக் கழுவி இறங்கிவிட்டால் சமாளிக்கலாம். அறுகு உப்பையும் ஓரளவு தாங்கும். பாஸ்பேலம் என்று கடலோரத்துப் புல் ஒன்று உண்டு, அது இன்னும் நன்றாகவே தாங்கும்.

பழுப்பும் ஒரு கலர்தான்!

இதைவிடப் பெரிய வழி ஒன்று இருக்கிறது. அதற்கு மெஷினும் வேண்டாம், பிளான்ட்டும் வேண்டாம். எல்லா இடமும் பச்சையாக இருக்கவேண்டும் என்கிற ஆசையை விட்டால் போதும்.

பச்சைப் பாய் மாதிரி மைதானம் என்பது டி.வி. கொடுத்த பழக்கம். கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையில் மழை பெய்தால் பச்சை, பெய்யாவிட்டால் பழுப்பு. 2006-ல் இங்கிலாந்தின் ஹோய்லேக்கில் ஓபன் போட்டி நடந்தபோது மைதானம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. காய்ந்த தரையில் பந்து உருண்டு ஓடும் என்பதால், டைகர் உட்ஸ் தன்னுடைய பெரிய மட்டையான டிரைவரை 72 குழியில் ஒரே ஒரு தடவைதான் எடுத்தார். ஜெயித்தது அவர்தான்!

அமெரிக்காவில் பைன்ஹர்ஸ்ட் 2-ம் நம்பர் மைதானம் ரொம்பப் பிரபலம். 2010, 2011-ல் அதை மாற்றியமைத்தார்கள். 35 ஏக்கருக்கு மேல் புல்லை எடுத்துவிட்டு மணலும் காட்டுச் செடியும் வர விட்டார்கள். 1,150 ஸ்பிரிங்ளர்களை ஏறக்குறைய 450 ஆகக் குறைத்தார்கள். 2014-ல் அங்கேதான் ஆண்கள், பெண்கள் இரண்டு யு.எஸ். ஓபனும் அடுத்தடுத்த வாரம் நடந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த தரையில்!

ஆஸ்திரேலியாவில் கூபர் பெடி என்று ஒரு பாலைவனச் சுரங்க ஊர். அங்கே மைதானத்தில் புல்லே கிடையாது. ஆடுகிறவர்கள் ஒரு துண்டுப் புல்தரையைக் கையோடு கொண்டுபோய், அதன் மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். நம்ம நாட்டிலும் வெள்ளைக்காரன் காலத்தில் பல மைதானங்களில் கிரீனுக்குப் பதில் மணலை எண்ணெய் விட்டுக் கெட்டித்து ‘பிரவுன்’ என்று வைத்திருந்தார்கள்.

ஆக, தண்ணீர் குறையக் குறைய ஒரு நல்ல மைதானக்காரர் செய்கிற வேலை, வரிசை போடுவது. முதலில் ரஃபை விடு. அப்புறம் ஃபேர்வேயை விடு. டீக்கு முடிந்தால் பார். கிரீனை மட்டும் கையில் பிடி. மேலே போட்ட கணக்கில் கிரீன் என்பது நூற்றுக்கு 7 பங்கு தண்ணீர்தான். மீதி 93-ஐ விட்டுக்கொடுக்கலாம். விட்ட இடத்தில் வண்டியும் ஆளும் போகாமல் கயிறு கட்டவேண்டும், அவ்வளவுதான். வாடின புல்லை மிதிக்கிறதுதான் ஆபத்து, வாடவிடுவது இல்லை.

‘விட்டால் செத்துப் போயிடுமே?’

அதற்குப் பதில் எங்கள் வீட்டு மூலையில் இருந்தது.

மூலையில் கிடந்த வாளி

இந்த மே மாதம் நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் தருகிற முக்கடல் அணை பற்றித்தான் திண்ணைப் பேச்சு. கோடை முற்றினால் அந்த அணையின் நீர்மட்டத்தைப் பேப்பரில் ‘மைனஸ்’ போட்டுத்தான் எழுதுவார்கள். பரீட்சையில் மைனஸ் மார்க் கேள்விப்பட்டிருப்பீர்கள். அணைக்கு மைனஸ் என்பதை எங்கள் பக்கம் வந்து பாருங்கள்.

பாட்டா தினமும் சாயங்காலம் மலையைப் பார்ப்பார். கோடை மழை ஒன்று விழுந்தால்தான் கன்னிப்பூவுக்குப் பொடி உழவு ஓட்டலாம். அவருக்கு அந்த மழை விளையாட்டு இல்லை, வருஷக் கணக்கு.

ஒரு ராத்திரி பெய்தது. பெரிய மழை இல்லை, முற்றம் நனைந்து ஓடுகிற அளவுக்குத்தான். அடுத்து ஒன்று, ரெண்டு நாள் கழித்து இன்னொன்று. வாரக் கடைசியில் பல் தேய்த்துக்கொண்டே மூலைக்குப் போனேன். மூன்று வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்காமல் வைக்கோலாகக் கிடந்த அந்த வாளியில், கணுவுக்குக் கணு ஊசி முனை மாதிரி பச்சை!

“பாட்டா! சாவலை!”

“செத்துச்சுன்னு யாருலே சொன்னா? அது தூங்கிட்டுல்லா கெடந்துச்சு. தண்ணி இல்லைன்னா எலைய விட்டுட்டு அடியில உசிர வச்சுக்கிடும். அதுக்குத் தெரியும் எப்பம் எந்திரிக்கணும்னு.”

புத்தகம் இதை ‘டார்மன்ஸி’ என்கிறது. தரைக்கு அடியில் ஓடுகிற தண்டில் சேமிப்பை வைத்துக்கொண்டு, செலவை எல்லாம் நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. பச்சை போனால் உயிர் போனது என்று நாம் பயந்து ஹோஸைத் தூக்குகிறோம். தூங்குகிற புல்லுக்கு அரைகுறையாகத் தண்ணீர் காட்டி எழுப்பிவிட்டு, மறுபடி காயவிட்டால்தான் அதன் சேமிப்பு கரைந்து நிஜமாகவே செத்துப் போகும்.

எல்லாப் புல்லுக்கும் இந்தத் தெம்பு கிடையாது. கிரீனில் மூன்று மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டின புல்லை இப்படி விட முடியாது, அது தாங்காது. ஆனால் மைதானத்தின் பெரும்பகுதியில் இருக்கிற சாதாரண அறுகு தாங்கும். காத்திருக்கும். புல்லால் மழைக்குக் காத்திருக்க முடியும். குடத்தோடு நிற்கிற அத்தையால் முடியாது. வெயில் கால மைதானப் பராமரிப்பில் நான் படித்த ஒரே பாடம் இதுதான்.

இந்த வருஷமும் டோர்னமென்ட் நடந்தது. ஆனால் கேங்கில் ஒரு தீர்மானம் போட்டோம். தண்ணீர் பிட்சுக்கு மட்டும், 22 கெஜம். அதுவும் விடியற்காலை ஐந்தரைக்கு, எங்கள் நாலு வீட்டில் பாத்திரம் கழுவாத, குளித்த தண்ணீரைப் பிடித்து வைத்து. அவுட்ஃபீல்டை அப்படியே பழுப்பாக விட்டோம். டைவ் அடித்த ரெண்டு பேருக்கு முழங்கை தேய்ந்தது, உண்மைதான். ஆனால் பந்து பறந்தது! எங்கள் டீம் செமி ஃபைனலிலேயே அவுட்.

மேட்ச் முடிந்து வருகிறபோது அத்தை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். “கப்பு யாருக்கு மக்களே?”

“நமக்கு இல்ல அத்தை. கிணத்துல தண்ணி கெடக்கா?”

“ரெண்டு முழம் கெடக்கு. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க.”

சொம்பில் வந்தது. குடித்தோம். கப்பைவிட அது ஜில்லென்று இருந்தது!